கறுப்பில் ஜெயித்தேன், பாலம் நின்றது

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி, நாலாவது ரவுண்டு. எனக்குக் கறுப்பு. எதிரே பன்னிரண்டு வயதுப் பையன், என்னைவிட ரேட்டிங் அதிகம். ஜெயித்துவிட்டேன்! காரோ-கான் தொடக்கம் ஆடினேன், நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கிடைத்தது. அதெல்லாம் இருக்கட்டும், கடைசி ஆறு நகர்த்தலுக்கு வருகிறேன்.

என் ராஜா டி1, சிப்பாய் டி2, யானை எஃப்8. அவன் ராஜா ஜி2, யானை சி7. லூசேனா நிலை, சிப்பாயை ராணியாக்கி ஜெயிக்க வேண்டிய யானை முடிவாட்டம். (பெயர்தான் லூசேனா. 1497-இல் லூசேனா என்பவர் வெளியிட்ட நூலில் இது கிடையாது, 1634-இல் சால்வியோ எழுதியதில்தான் இருக்கிறது.) போன வருஷம் மதுரையில் இதே நிலையை டிரா ஆக்கினேன். யானையை எஃப்8-லேயே விட்டுவிட்டு ராஜாவை வெளியே கொண்டுவந்தேன். எதிராளியின் யானை ஈ வரிசையில் செக், டி வரிசையில் செக், மறுபடி ஈ. சிப்பாயை விட்டு ராஜா நகர முடியாது, ஒரே நிலை மூன்று தடவை வந்து ஆட்டம் முடிந்தது. அந்த அரைப் புள்ளி இன்னும் வலிக்கிறது.

அப்புறம் மூன்று மாதம், தினமும் ராத்திரி பட்டாலையில் பலகையை விரித்து இந்த ஒரே நிலைதான். ராஜாவைத் தொடும் முன் யானை எஃப்5-க்கு வர வேண்டும். நாலாவது வரிசை என்று வெள்ளைப் பக்கத்திலிருந்து படித்ததால் கறுப்பில் கை எஃப்4-க்கே போகும். அதை மாற்றத்தான் இத்தனை நாள்.

கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை, நகர்த்தலுக்கு 30 வினாடி சேரும், அவ்வளவுதான். யானை எஃப்5. அவன் யானை சி8. என் ராஜா ஈ2, அவன் செக். டி3, செக். ஈ3, செக். டி4, செக். யானை டி5! செக்கைத் தடுத்துக் குறுக்கே நின்றுவிட்டது, இதுதான் பாலம். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கை நீட்டினான். "நல்லா ஆடினீங்க அங்கிள்" என்றான். தங்கமான பிள்ளை.

பலகை விஷயம் ஒன்று. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய தேக்கு தேடிக்கொண்டிருக்கிறேன். கட்டம் 5.5 செ.மீ. வைத்து ஆசாரியிடம் ஒரு பலகை செய்யச் சொல்ல வேண்டும், 9.5 செ.மீ. ராஜாவுக்கு அதுதான் பொருத்தம். வினைல் விரிப்பு மின்விசிறிக் காற்றில் ஓரம் தூக்குகிறது.

அடுத்தது ஃபிலிடோர், சிப்பாய் குறைவாக இருக்கும்போது டிரா பிடிப்பது. அதையும் கறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழகப் போகிறேன். இன்று ராத்திரி யானையை ஆறாவது வரிசையில் வைத்துத் தொடங்குகிறேன்.