நாடாப் புண் என்று நினைத்த கறுப்புப் பொருக்கு

என் அத்தை நகரி மலையடிவாரத்தில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஒரு சிற்றூரில் வசிக்கிறார். கடைகளில் பெயர்ப்பலகை தெலுங்கிலும் வீட்டுக்குள் பேச்சு தமிழிலுமாக இருக்கும் ஊர் அது. கடந்த கார்த்திகை மாதத்தில் அவருக்கு வந்த காய்ச்சல் ஒன்பது நாள்கள் வரை இன்னதென்று தெரியாமலே போனது. அந்த ஒன்பது நாள்களைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் வெறும் பாராசிட்டமால் கொடுத்தார்கள். பிறகு வைடால் என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டைபாய்டு என்று சொல்லி, செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார்கள். இரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்ததும் டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். காய்ச்சலும் தலைவலியும் தணியாமல் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டபோதுதான் வேலூருக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, அவர் புல் அறுக்கப் போவாரா என்பதுதான். மாட்டுக்காக மாந்தோப்பில் தினமும் அறுப்பார் என்று சொன்னேன். உடனே திரையை இழுத்துவிட்டு, செவிலியரின் துணையோடு அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடை இடுக்கு, காதின் பின்புறம் என்று ஓரிடம் விடாமல் பார்த்தார்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அது இருந்தது: மிளகைவிடச் சற்றே பெரியதாக, பீடியால் சுட்டதுபோல் கறுத்துக் காய்ந்த பொருக்கு, அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். “அது நாடா அறுத்த புண்ணும்மா, பத்து நாளா இருக்குது, வலியே இல்லியே” என்றார் அத்தை. வலியும் அரிப்பும் இல்லாததால்தான் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சப்படும் இடம் என்பதும் ஒரு காரணம்.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயர் மக்களைத் திசைதிருப்புகிறது என்பது என் எண்ணம், ஏனெனில் கேட்டவர்கள் எல்லாரும் மாட்டிலும் நாயிலும் உண்ணியைத் தேடத் தொடங்கினார்கள். இதைப் பரப்புவது அந்த உண்ணி அன்று. புதரிலும் புல்லிலும் இருக்கும் மைட் என்னும் மிகச் சிறிய பூச்சியின் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவம். ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அளவே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் தென்படாது. வளர்ந்த மைட் மண்ணில் வாழ்ந்து பூச்சி முட்டைகளைத் தின்னும். லார்வா மட்டுமே எலியின் மீதோ மனிதர் மீதோ ஏறித் திசுநீரை உறிஞ்சும். தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுவதால், ஒருமுறை வேரூன்றிய புதர்க்காட்டில் அது நிலைத்து நிற்கிறது.

கிருமியின் பெயர் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி. 1995 வரை இது ரிக்கெட்சியா பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பேரினத்துக்குப் பெயர் தந்த ஹோவர்ட் ரிக்கெட்ஸ், டைபஸ் காய்ச்சலை ஆராயும்போதே அது தொற்றி 1910இல் மெக்சிகோவில் இறந்தார். அதே குடும்பத்தில் உண்மையான உண்ணியால் பரவும் புள்ளிக் காய்ச்சலும், எலித் தெள்ளுப்பூச்சியால் பரவும் டைபஸும், உடல் பேனால் பரவும் கொள்ளை டைபஸும் உண்டு. இவை அனைத்தும் இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகின்றன. நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என எந்த உறுப்பும் பாதிக்கப்படக் காரணம் அதுதான். கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வதால், பென்சிலினும் செஃப்ட்ரியாக்சோனும் இதற்குப் பயன்படுவதில்லை. அத்தைக்குப் போட்ட ஊசிகள் பலனளிக்காமல் போனது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பரிசோதனைகளில் 1916இல் வந்த வெயில்-ஃபெலிக்ஸ் மலிவானது, ஆனால் நோயைப் பல நேரம் தவறவிடும். இப்போது, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிரணுக்களை (ஆன்டிபாடி) இரத்தத்தில் தேடும் ஐஜிஎம் எலிசா பரவலாகச் செய்யப்படுகிறது. எதிரணுக்கள் உருவாக ஒரு வாரம் வரை ஆகும் என்பதால் முதல் சில நாள்களில் அதுவும் நோய் இல்லை என்று காட்டலாம். பொருக்கிலிருந்து எடுத்த மாதிரியில், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் செய்யலாம். ஆனால் பொருக்கு எல்லா நோயாளிகளிடமும் இருப்பதில்லை. இல்லாததை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது. எனவேதான் சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள்.

மருந்து டாக்சிசைக்ளின், பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளைக்கு இருமுறை, ஏழு நாள்கள். விலை குறைந்த, எளிதில் கிடைக்கும் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேலானது என்று இந்தியாவில் 794 நோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தைக்கும் இரண்டையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியதும் அவர் முதலில் கேட்டது, மாட்டுக்கு யார் புல் போடுகிறார்கள் என்றுதான்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. கிருமியில் பல வகைகள் இருப்பதால் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வரலாம். ஆகவே அத்தை இப்போதும் தோப்புக்குப் போகிறார், ஆனால் முழுக்கைச் சட்டை அணிந்து போகிறார், புல்தரையில் உட்காருவதில்லை, வீடு திரும்பியதும் சேலையை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டுச் சோப்பு தேய்த்துக் குளிக்கிறார். குளிக்கும்போது இடுப்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.