சபை கணக்கை திரும்ப ஒழுங்குபடுத்தின கதை

எங்க சர்ச்சோட சபை பொருளாளர் பொறுப்பு எனக்கு வந்தப்போ கூடவே ஒரு நீளமான நோட்டு, வருஷத்துக்கு ஒரு எக்செல் ஃபைல், ஒரு கட்டு பில்லு எல்லாம் கைக்கு வந்துச்சு. எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் ரொம்ப நேர்மையானவர், அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கணக்கை மாத்தி எழுதப்போறேன்னு சொன்னாலே "அப்போ பழசுல ஏதோ தில்லுமுல்லா"ன்னு தான் கேக்குறாங்க. அப்படியெல்லாம் இல்ல. வரவு, செலவு, மீதி எல்லாம் எழுதியிருந்தார். ஆனா "கட்டட நிதில இப்போ எவ்ளோ இருக்கு?"ன்னு கேட்டா பதில் இல்ல. "மொத்தமா பேங்க்ல இவ்ளோ இருக்கு தம்பி"ன்னார்.

இங்கதான் சிக்கலே. பணம் எங்க இருக்குங்கிறது ஒரு கேள்வி, எதுக்காக இருக்குங்கிறது வேற கேள்வி. தசமபாகம் (வருமானத்துல பத்துல ஒரு பங்கு கொடுக்கிறது), பொதுக் காணிக்கை எல்லாம் சபை எதுக்கு வேணா செலவு பண்ணலாம். ஆனா ஒருத்தர் கட்டடத்துக்குன்னு சொல்லிக் கொடுத்தா அது கட்டடத்துக்கு மட்டும்தான், மிஷனரி காணிக்கைன்னா மிஷனரிக்குத்தான். இதுல இன்னொன்னும் இருக்கு, கமிட்டியே "இதை வேன் வாங்க ஒதுக்கி வெப்போம்"னு முடிவு பண்ண பணத்தை கமிட்டியே திரும்ப பொதுவுக்கு மாத்திக்கலாம், கொடுத்தவர் நிபந்தனையோட கொடுத்ததை அப்படி மாத்த முடியாது. பழைய நோட்டுல ரெண்டும் ஒரே பேர்ல கலந்து கிடந்துச்சு. நிறைய பேர் ஒவ்வொரு நிதிக்கும் தனி பேங்க் அக்கவுண்ட் திறக்கச் சொன்னாங்க, அது தேவையே இல்ல, ஒரே அக்கவுண்ட்ல பத்து நிதி இருக்கலாம், புத்தகத்துல பிரிச்சிருந்தா போதும்.

எல்லா வருஷத்தையும் முதல்ல இருந்து எழுதணும்னு ஆரம்பிச்சா முடியவே முடியாதுங்க. கடைசியா ஆடிட் முடிஞ்ச வருஷத்தோட கடைசி தேதிய எடுத்துக்கிட்டேன். அன்னைக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருந்த தொகை, அதுல நாம கொடுத்து இன்னும் பாஸ் ஆகாத செக் எல்லாம் கழிச்சு, போட்டு இன்னும் ஏறாத டெபாசிட்டைக் கூட்டி, கையிருப்பு ரொக்கத்தையும் சேர்த்தா அதுதான் ஆரம்ப இருப்பு. பேங்க் டேலி பண்றப்போ ஒரு சின்ன தந்திரம் ரொம்ப உதவுச்சு, நம்ம புத்தகத்துக்கும் பேங்குக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல மீதியில்லாம வகுபட்டா எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 540க்கு 450ன்னு எழுதினா 90 உதைக்கும்.

அப்புறம் நிபந்தனையோட வந்த ஒவ்வொரு நிதியா வந்தது போனது பாத்து தனித்தனி இருப்பு எடுத்தேன். எல்லாத்தையும் கூட்டுனா நம்மகிட்ட இருக்கிற மொத்தப் பணத்தை விட அதிகமா வருது! அதாவது பொதுக் காணிக்கை கம்மியான மாசங்கள்ல கரண்ட் பில்லும் சம்பளமும் கட்டட நிதில இருந்து போயிருக்கு, யாருக்கும் தெரியாமலே. பொது நிதி மைனஸ்ல நிக்குது. இதை கமிட்டில சொல்றதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம், ரெண்டு பேருக்கு முகமே மாறிடுச்சு. "அப்படியே விட்டுடலாமே, எல்லாம் ஆண்டவர் பணம்தானே"ன்னு ஒருத்தர். எனக்கு அது சரியாப் படல, கொடுத்தவங்க எதுக்குன்னு சொல்லித்தானே கொடுத்தாங்க. கடைசில பொது நிதி கட்டட நிதிக்கு தரவேண்டிய கடன்னு புத்தகத்துல எழுதி, மாசாமாசம் கொஞ்சமா திருப்பி வெக்கிறதா தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல ஏத்தினோம்.

வரவு செலவு எழுதுற கணக்குத் தலைப்புகளையும் குறைச்சேன். பழசுல ஏகப்பட்ட தலைப்பு, ஆனா பெரிய செலவெல்லாம் "இதர செலவு"ல! இப்போ 1000ல சொத்து, 2000ல கடன், 3000ல நிதி இருப்பு, 4000ல வரவு, 5000ல செலவுன்னு நம்பர் போட்டாச்சு. சாஃப்ட்வேர் குனுகேஷ் (GnuCash), இலவசம்தான், ரெட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவுன்னு ரெண்டு பக்கமும் எழுதுறது. இந்த முறைய 1494ல முதல்முதலா விரிவா அச்சுல கொண்டு வந்த லூக்கா பச்சோலியே ஒரு பிரான்சிஸ்கன் துறவி, அதனால "இது கம்பெனிக்காரங்க சமாச்சாரம், சபைக்கு எதுக்கு"ன்னு கேக்குறவங்களுக்கு அதையே பதிலா சொல்லிடறேன்.

ஞாயித்துக்கிழமை நடைமுறை மாத்துறதுக்குத்தான் கொஞ்சம் முணுமுணுப்பு. முன்னாடி காணிக்கைப் பணத்துல இருந்தே சவுண்ட் சிஸ்டம் ரிப்பேர்காரருக்கு கொடுத்துட்டு மீதிய பேங்க்ல போடுவாங்க, அப்படிப் பண்ணா வரவும் குறைவாத் தெரியும் செலவும் குறைவாத் தெரியும். இப்போ ஒரே வீட்டுக்காரங்களா இல்லாத ரெண்டு பேர் எண்ணி, தாள்ல கையெழுத்து போட்டு, முழுசா அப்படியே பேங்க்ல போடணும். எண்ணுறதுல நான் உக்கார மாட்டேன், புத்தகம் எழுதுறவன் பணத்தை எண்ணக்கூடாது. "எங்க மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கேட்டாங்க, சீஷர்கள்ல பணப்பையை வெச்சிருந்தவன் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்தானேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன், பாஸ்டரும் சிரிச்சுட்டார், அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு.

இப்போ மாசம் ஒரு பக்கம் ரிப்போர்ட், நிதிவாரியா ஆரம்பம், வரவு, செலவு, முடிவு. யார் எவ்ளோ கொடுத்தாங்கங்கிறது அதுல வராது, அது தனி ரெஜிஸ்டர், பூட்டி வெச்சிருக்கு. சொத்துப் பட்டியல் மட்டும் இன்னும் பாக்கி, கீபோர்டு, மைக், நாற்காலி எல்லாம் எப்போ வாங்கினது, எது யாரோ அன்பளிப்பா கொடுத்ததுன்னு பெரியவங்களைக் கேட்டுக்கேட்டு எழுதிட்டிருக்கேன்.