‘ஐ வேர்’ என்றால் ‘ஐ வேர்’ என்றே எழுதுங்கள்

ஆடியோவைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் என் வேலை, டிரான்ஸ்கிரிப்ஷன். வருகிற ஃபைல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். அந்த ஆங்கிலம் ஒன்றல்ல, பல என்பது ஹெட்போனை மாட்டிய கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் பக்கத்து ஆட்கள் சொல்லின் கடைசியில் வரும் ‘ர்’ ஒலியை நன்றாக உருட்டிச் சொல்வார்கள், லண்டன்காரர் அதை விழுங்கிவிடுவார். கிளாஸ்கோக்காரர் வேகம் பிடித்துவிட்டால் ஒரே வாக்கியத்துக்காகத் திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்ட வேண்டியதுதான்.

கேட்பதுகூடப் பழகிவிடும், எழுதுவதில்தான் தகராறு. எங்கள் தொழிலில் ‘கிளீன் வெர்பேட்டிம்’ என்று ஒரு முறை உண்டு. இடையில் வரும் ம், ஆ எல்லாவற்றையும் நீக்க வேண்டும், பல கிளையன்ட்களின் கைட்லைனில் இலக்கணத்தையும் சரிசெய்யச் சொல்லியிருக்கும். ம், ஆ போனால் போகட்டும். ஆனால் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பாட்டி ஒருவர் ‘ஐ வேர் சிட்டிங் தேர்’ (I were sitting there) என்று சொன்னால் அதை ‘ஐ வாஸ்’ ஆக்கு, ‘நவ்ட்’ என்றால் ‘நத்திங்’ ஆக்கு என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? அவர் தப்பாகப் பேசவில்லை, அவர் ஊர் இலக்கணப்படி அதுதான் சரி. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ‘ஐ மைட் குட் டூ இட்’ (I might could do it) என்பார்கள். முடியும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை என்கிற தயக்கம் அதில் இருக்கிறது. ‘மைட்’, ‘குட்’ இரண்டில் ஒன்றை வெட்டினால் வாக்கியம் பள்ளிக்கூட ஆங்கிலமாகிவிடும், அந்தத் தயக்கம் போய்விடும்.

வாய்மொழி வரலாற்றுப் பேட்டி ஒன்று வந்தது. பேசியவர் நியூகாசில் பக்கத்துப் பெரியவர். தொடக்கத்தில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார், ‘ஹவுஸ்’ என்றே சொன்னார். நடுவில் போன் வந்தது. எடுத்துப் பேசினார் பாருங்கள், ‘ஹவுஸ்’ ‘ஹூஸ்’ ஆனது, ‘டவுன்’ ‘டூன்’ ஆனது, குரலே வேறு ஆளுடையது போல இருந்தது. போனை வைத்ததும் மறுபடி பழைய நிதானம். கைட்லைன்படி, பேட்டிக்குச் சம்பந்தமில்லாத உரையாடலை எழுதக் கூடாது. அதாவது அந்த மனிதர் தன் சொந்தப் பேச்சைப் பேசிய ஒரே இடம் எழுத்தில் வராது!

மைக்கைப் பார்த்ததும் மனிதர்கள் இப்படி மாறுவார்கள் என்பது வட்டார வழக்கு ஆய்வாளர்களுக்கு நன்றாகவே தெரியும். 1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் இங்கிலாந்தின் வட்டார வழக்குகளைச் சேகரித்தார்கள், 313 இடங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள். தேடும் சொல்லைக் களப்பணியாளர் தன் வாயால் சொல்லிவிடக் கூடாது, பொருளைக் காட்டியோ விவரித்தோ ‘இதை இங்கே என்னவென்று சொல்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். நல்ல முறை. ஆனால் தேடிப்போனது பெரும்பாலும் ஊரை விட்டு நகராத வயதான கிராமத்து ஆண்களை. நகரத்து இளைஞர்களின் பேச்சு அதில் அநேகமாக இல்லை, பெண்களும் குறைவு. அந்த ஒலிப்பதிவுகள் பிரிட்டிஷ் நூலகச் சேகரிப்பில் இருக்கின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் இன்று பேசுகிறவரின் பேச்சை இன்று தட்டச்சு செய்கிறவன் திருத்திக்கொண்டே இருந்தால் ஆவணக் காப்பகம் என்ன செய்யும்?

சில இடங்களில் இது வெறும் ரசனைப் பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், நீதிமன்றத்தில் பேசப்படுவதை அப்படியே எழுதும் எழுத்தர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. 95 சதவீதத் துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்றவர்கள் அவர்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பேச்சு வழக்கில் இருந்த வாக்கியங்களில் சுமார் 60 சதவீதத்தை மட்டுமே முழுதும் சரியாக எழுதியிருந்தார்கள். சாட்சி சொன்னது ஒன்று, பதிவாவது வேறொன்று. மெஷினும் மேலில்லை. பேச்சைக் கேட்டுத் தானே எழுத்தாக்கும், பெரிய நிறுவனங்களின் 5 மென்பொருள்களைச் சோதித்த 2020 ஆய்வில், வெள்ளையர் பேச்சில் சொற்பிழை சராசரி 19 சதவீதம், கறுப்பினத்தவர் பேச்சில் 35.

இப்போது முதல் வரைவை மெஷின் தந்துவிடுகிறது, அதைத் திருத்துவதுதான் எங்களுக்கு மிச்சம். நாங்கள் திருத்தியது பல இடங்களில் மறுபடி மெஷினுக்கே பாடமாகப் போகிறது. ‘ஐ வேர்’ என்று காதில் விழுவதை ‘ஐ வாஸ்’ என்று நான் அடித்துக் கொடுத்தால், யார்க்‌ஷர் பேச்சு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரிய வழியில்லை.

அதனால் இப்போதெல்லாம் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, குறிப்புப் பகுதியில் ‘வட்டார வழக்கு, பிழையல்ல’ என்று போட்டு அனுப்புகிறேன். வாய்மொழி வரலாறு சேகரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் ‘இன்னும் இப்படி இருந்தால் எழுதுங்கள்’ என்று பதிலும் போடுகிறார்கள். கார்ப்பரேட் மீட்டிங் ஃபைல்கள் அப்படியே திரும்பி வரும். டீம் லீடர் ‘மறுபடியுமா?’ என்று கேட்பார். கைட்லைனில் ஒரு வரி சேர்த்தால் போதும் சார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்கிறார்.