உதை வாங்குகிறவன் வேலை

மல்யுத்த நடுவர் என்றால் தரையில் குப்புற விழுந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டுகிற ஆள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். தட்டுவது எங்கள் வேலையில் கால்வாசிகூட இல்லை. எத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஆடுகிறவர்களின் காதில் போட வேண்டும். ஒருவன் அடிபட்டு விழுந்தால் குனிந்து அவன் கையைப் பிடித்து அழுத்த வேண்டும். அவன் திரும்ப அழுத்தினால் சரி, நன்றாக இருக்கிறான். அழுத்தாவிட்டால் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் பெருக்கல் குறியாக வைத்துக் காட்ட வேண்டும். மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். வெற்றி தோல்வி முன்பே பேசி வைத்ததுதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் விழுவது நிஜம். இரும்புச் சட்டம், மேலே பலகை, பலகைக்கு மேல் மெல்லிய நுரைமெத்தை, அதற்கு மேல் கித்தான். அவ்வளவுதான் மேடை.

வார நாட்களில் நான் லிஃப்ட் டெக்னீஷியன். சிங்கப்பூரில் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி புளோக்குகளில் பராமரிப்பு வேலை. வார இறுதியில் ஒரு சின்ன மல்யுத்தக் குழுவுக்கு நடுவர், மேடை பூட்டும் ஆள், சில சமயம் லாரியில் சாமான் ஏற்றும் ஆள். சம்பளம் என்று சொல்ல ஒன்றுமில்லை, பிரியாணியும் போக்குவரத்துக் காசும்தான். 2012இல் சிங்கப்பூர் புரோ ரெஸ்லிங் தொடங்கிய பிறகு உள்ளூர்ப் பையன்களுக்கு இதில் ஓர் ஆசை வந்தது. எங்கள் குழுவும் அந்த ஆசையில் பிறந்ததுதான். ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மேல்மாடியில் பயிற்சி. பக்கத்து யூனிட்டில் காருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், அந்த வாடையிலேயே எல்லாரும் விழுந்து பழகினார்கள்.

அங்கே வந்தவர்கள்தான் அந்த இரண்டு தமிழ்ப் பையன்கள். பெயர் வேண்டாம். நெட்டை, குட்டை என்று வைத்துக்கொள்வோம், எங்களுக்குள்ளும் அப்படித்தான் கூப்பிட்டோம். குட்டைக்கு வீடு யீஷூனில், நெட்டைக்கு ஜூரோங் வெஸ்ட்டில். தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பணியை முடித்த கையோடு வந்தவர்கள். தனித்தனியாக இறக்கிவிட்டபோது இருவருமே எடுபடவில்லை. நெட்டைக்கு உயரமும் தோளும் இருந்தன, முகத்தில்தான் ஒன்றும் ஓடாது. அடித்தாலும் அடி வாங்கினாலும் எம்ஆர்டி ரயிலுக்குக் காத்திருப்பவன் மாதிரியே நிற்பான். குட்டை நேர்மாறு. ஒரு தட்டு தட்டினால் போதும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் வலிக்கிற மாதிரி விழுவான். ஆனால் அவன் யாரையாவது அடித்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். இரண்டு அரை ஆட்களைச் சேர்த்து ஒரு முழு ஆளாக்கலாமே என்று பயிற்சியாளருக்குத் தோன்றியது. ஜோடி அப்படித்தான் அமைந்தது, நட்பெல்லாம் அப்புறம் வந்தது.

ஜோடி ஆட்டத்தின் கணக்கு வெளியில் தெரிவதைவிடக் கறாரானது. கூட்டாளி தன் மூலையில் கயிற்றுக்கு வெளியே, அங்கே கட்டிய சின்னக் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் கை தட்டினால்தான் அவன் வரலாம். மாறிக்கொள்ள ஐந்து எண்ணும் நேரம் அவகாசம். பெரும்பாலும் நல்லவர்கள் பக்கத்தில் ஒருவன் மாட்டிக்கொள்வான். எதிராளிகள் மாற்றி மாற்றி வந்து மிதிப்பார்கள். அவன் தவழ்ந்து தவழ்ந்து மூலைக்கு வந்து கையை நீட்டும்போது காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். ஒரு தடவை கை தட்டியே விடுவான். நடுவர் சரியாக அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பியிருப்பார், செல்லாது என்பார். கூட்டம் நடுவரின் குடும்பத்தையே இழுத்துத் திட்டும். அந்தத் திட்டு எனக்குப் பழகிவிட்டது, சரியான நேரத்தில் குருடாவதும் ஒரு திறமை. கடைசியில் கை பட்டுவிடும். வெளியே நின்றவன் பாய்ந்து வந்து எல்லாரையும் துவைத்து எடுப்பான். ஹாட் டேக் என்பார்கள். கூரை பிய்கிற சத்தம் அப்போதுதான் வரும்.

அந்தச் சத்தத்தைச் சம்பாதித்தது யார்? பத்து நிமிடம் மிதி வாங்கியவன். அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் ஜோடியில் ரிக்கி மார்ட்டன் இந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்றால், மல்யுத்தக்காரர்கள் அந்த வேலைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். எங்கள் ஜோடியில் அது குட்டை. ஆட்டம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ள ஓடுவதென்னவோ நெட்டையிடம்தான்.

ஒரு வருடத்துக்குள் கூட்டம் இவர்களுக்காகவே வர ஆரம்பித்தது. நுழைவுக்கு உறுமி மேளம். உறுமி முதல் தட்டு விழுந்ததுமே மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்தவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். இருவருக்கும் ஒரே நிறத்தில் ஜட்டி தைக்கத் தேக்காவில் ஒரு தையல்காரரிடம் போனோம். அவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத உள்ள போடுறதா, வெளிய போடுறதா?" என்று கேட்டார். வெளியே என்றதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரை நிமிடம் யோசித்தார். அப்புறம் இடுப்புப் பட்டையில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். பணம் வாங்கும்போது மட்டும், "அம்மாவுக்குத் தெரியுமாப்பா?" என்றார். குட்டையின் அம்மாவுக்குத் தெரியும். முதல் வரிசையில் உட்காருவதே அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நெட்டைக்கும் சேர்த்து மீன் குழம்பு வைத்தவரும் அவர்தான்.

நான் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்து வளர்ந்தவன். என் காலத்து ஜோடி ராக்கர்ஸ்: ஷான் மைக்கேல்ஸ், மார்ட்டி ஜனெட்டி. 1990 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில், பிரெட் ஹார்ட்டும் ஜிம் நைட்ஹார்ட்டும் சேர்ந்த ஹார்ட் ஃபவுண்டேஷனை இவர்கள் ஜெயித்தார்கள், பட்டமும் கைக்கு வந்தது. ஆனால் ஆட்டத்தின் நடுவில் மேல் கயிறு அறுந்துவிட்டது. அப்புறம் ஆட்டத்தை நடத்திய டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்தின் எண்ணமும் மாறிவிட்டது. அந்த ஆட்டம் தொலைக்காட்சிக்கு வரவே இல்லை, பட்டமும் கணக்கில் ஏறவில்லை. மேடை பூட்டுகிறவன் என்ற முறையில் கயிற்றை முறுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் வரும். ஸ்பானரைக் கூடுதலாக ஒரு சுற்று சுற்றுவேன். இதில் வேடிக்கை, பிறகு இருவருமே வேறு ஆட்களோடு சேர்ந்து அதே ஜோடிப் பட்டத்தை வாங்கினார்கள். 1994 ஜனவரியில் ஜனெட்டி, ஆகஸ்டில் மைக்கேல்ஸ். சேர்ந்து வாங்கியதுதான் எழுத்தில் இல்லை.

அவர்கள் பிரிந்ததை 1992 ஜனவரியில் உலகமே பார்த்தது. முடிதிருத்தும் கடை மாதிரி அமைத்த ஓர் அரங்கில் பேட்டி. சமாதானம் ஆகிவிட்டதுபோல் இருவரும் கட்டிக்கொண்டார்கள். மைக்கேல்ஸ் தாடையில் ஓர் உதை விட்டார், ஜனெட்டியைத் தூக்கிக் கடையின் கண்ணாடி ஜன்னல் வழியாக எறிந்தார். ஜனெட்டி பயந்து தானே ஜன்னல் வழியாகப் பாய்ந்து தப்பப் பார்த்தார் என்று வர்ணனையாளர் பாபி ஹீனன் ஒரு போடு போட்டார். வில்லன் பக்கம் பேசுவது அவர் பிழைப்பு, எல்லாரும் சிரித்தோம். நடுவர் வேலைக்கு வந்த பிறகு யோசித்தால் அந்தக் கிண்டலில் பாதி உண்மை. ஒத்துழைக்காத ஆளை யாராலும் ஜன்னல் வழியாக அழகாக எறிய முடியாது. பாய்ந்தது ஜனெட்டிதான். அந்தப் பாய்ச்சலில் மைக்கேல்ஸ் பெரிய ஆள் ஆனார்.

என் அப்பா இதையே வேறு மாதிரி சொல்வார். தாராசிங் 1947இல் சிங்கப்பூர் வந்து, டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பழகியவர். அவரோடு பல தடவை மோதிய கிங்காங் என்ற மல்யுத்தக்காரர் 1970இல் இந்த ஊரில்தான் கண்ணை மூடினார். எங்கள் வீட்டில் அப்பாவின் கூட்டாளிகள் கூடினால் தாராசிங் கிங்காங்கைத் தூக்கிச் சுழற்றிய கதை கட்டாயம் வரும். எல்லாரும் தாராசிங்கின் கையைப் பற்றிப் பேசுவார்கள். அப்பா மட்டும், "கிங்காங் தூக்க விட்டாரு, அதான் தூக்கினாரு" என்பார். ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

சரி, எங்கள் ஜோடிக்கு வருகிறேன். உடைக்க வேண்டும் என்ற பேச்சு மேலிடத்திலிருந்து வந்தது. நெட்டைக்கு வெளியூரில் கேட்பு வந்துவிட்டது, தனி ஆளாக அவனை வளர்க்க வேண்டும். போதாததற்கு, தேசிய சேவை முடித்தவர்களுக்கு அவ்வப்போது வரும் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி அழைப்பு இருவருக்கும் ஒரே நேரத்தில் வருவதே இல்லை. ஒருவன் முகாமில் இருந்தால் இன்னொருவன் சும்மா இருக்க வேண்டியிருந்தது. குட்டைதான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணே, அவன் என்னை அடிக்கட்டும். நான் அவன அடிச்சா ஒருத்தனும் நம்ப மாட்டான்." தன் குறையை அவன் ஒரு கணக்காகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவர்கள் மனதில் இருந்தது ராக்கர்ஸ் இல்லை. 2017 மே மாதம் சிகாகோவில் தோற்றுப்போன பிறகு ஜானி கார்கானோவை அவருடைய ஜோடிக் கூட்டாளி டொமாசோ சியாம்பா அடித்துப்போட்ட காட்சி. அதைக் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். தோற்ற பிறகு கூட்டம் எழுந்து கை தட்ட வேண்டும், நன்றி சொல்லிக் கும்பிட வேண்டும், கிளம்பப் போகிறார்கள் என்று எல்லாரும் நம்ப வேண்டும், அப்புறம்தான் உதை. பயிற்சி இடத்தில் அந்த ஓர் உதையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். பாதம் தாடைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்க வேண்டும், அதே நொடியில் தொடையில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து சத்தம் கொடுக்க வேண்டும். நெட்டை தயங்கித் தயங்கி விட்டான். "டேய், அடிக்கிற மாதிரி அடிடா, நான் பாத்துக்குறேன்" என்று குட்டை கத்திக்கொண்டே இருந்தான். அந்த இரண்டு வாரமும் அவர்கள் இருந்த அளவுக்கு நெருக்கமாக அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

அன்று உதை விழுந்தது. குட்டை விழுந்த விதத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து கையைப் பிடித்து அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன், பாவி அப்போதுதான் திரும்ப அழுத்தினான், கண்ணைத் திறக்காமலே. கூட்டத்தில் சத்தமே இல்லை. திடீரென்று முதல் வரிசையிலிருந்து அவன் அம்மா எழுந்தார். "ஏண்டா, என் வீட்டுச் சோத்தத் தின்னவன்தானடா நீ!" எல்லாம் நாடகம் என்று அவருக்குத் தெரியும், ஜட்டியைத் துவைத்துக் காயப்போடுகிறவரே அவர்தான். இருந்தாலும் கேட்டுவிட்டார். அதுவரை எதற்கும் அசையாத நெட்டையின் முகம் அப்போது கோணியது. அழுகையை அடக்க வாயை இறுக்கினான். கூட்டம் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டது. தண்ணீர் போத்தல்கள் பறந்து வந்தன. அன்றிலிருந்து அவன் வில்லன், அருமையான வில்லன்.

உள்ளே போனதும் இருவரும் ஒரே பெஞ்சில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். "கால் கொஞ்சம் கீழ வந்துச்சு" என்றான் குட்டை. "பரவால்ல, சத்தம் நல்லா இருந்துச்சு."

நிஜப் பிரிவு அதற்கப்புறம் வந்தது. விரோதிகள் என்று காட்டிவிட்டு ஒன்றாகப் பரோட்டாக் கடையில் உட்கார முடியாது, ரசிகன் ஒருவன் படம் எடுத்துப் போட்டால் கதை கெட்டது. அதனால் வேறு வேறு கடை, வேறு வேறு நேரம். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் நின்றது. யாரும் சண்டை போடவில்லை. பிரிந்தவர்கள் மாதிரி நடிக்க நடிக்கப் பிரிந்தே போனார்கள். நெட்டை மலேசியா, தாய்லாந்து என்று சுற்றினான். குட்டைக்கு வேறொரு கூட்டாளியைச் சேர்த்தார்கள், ஒட்டவில்லை. புதியவனும் விழத் தெரிந்தவன், இரண்டு பேரும் மிதி வாங்கினால் கடைசியில் யார் வந்து காப்பாற்றுவது?

லிஃப்ட் வேலையிலும் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார். எங்கள் வேலையில் ஒருவர் கூண்டின் மேல் ஏறினால் இன்னொருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியருகே நிற்க வேண்டும், குரல் கொடுக்காமல் எதையும் தொடக் கூடாது. பல வருடம் அப்படி நின்றோம். அவருக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தெரிந்தது. நல்ல மனிதர், தகுதியானவரும்கூட. அடுத்த வாரமே "மச்சான்" போய் "சார்" வந்துவிட்டது, அதைத் தொடங்கியது நானா அவரா என்றுகூட நினைவில்லை. ஓர் உதை வாங்கியிருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கிறது. குட்டைக்காவது எந்த நாள், எந்த நிமிடம், எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவனைக் கேட்டுத்தான் செய்தார்கள்.

ராக்கர்ஸ் கதையில் மைக்கேல்ஸ் 1996 ரெஸில்மேனியாவில் பிரெட் ஹார்ட்டை ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடிய ஆட்டத்தில் ஜெயித்து உலகப் பட்டம் வாங்கினார். கயிறு அறுந்த அந்த ராத்திரி எதிரெதிர் மூலைகளில் நின்ற நால்வரில் இருவர். மற்ற இருவரை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பேசினாலும் ஜோடியில் சோடையான ஆளைக் கிண்டலாகக் குறிக்கத்தான் ஜனெட்டியின் பெயரை எடுக்கிறார்கள். 1993 மே மாதம் இதே மைக்கேல்ஸை வீழ்த்தி இன்டர்கான்டினென்டல் பட்டம் வாங்கியவர் அவர், அதைச் சொன்னால் பையன்கள் கூகுளில் தேடிப் பார்க்கிறார்கள்.

போன மாதம் இருவரையும் மறுபடி சேர்த்து ஓர் ஆட்டம் போடலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. குட்டை இப்போது புதியவர்களுக்கு விழச் சொல்லிக்கொடுக்கிறான், இடுப்பு முன்புபோல் இல்லை. நெட்டை விமானத்திலிருந்து இறங்கி நேராகப் பயிற்சி இடத்துக்கே வந்தான், கையில் அம்மாவுக்கென்று ஒரு பை. குசலமெல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் தொடங்கியது சண்டை.

"இந்தத் தடவ பத்து நிமிஷம் நீ வாங்கு. நான் வெளிய நின்னு கை நீட்டுறேன்."

"எனக்கு விழ வராதுடா."

"வரும். சொல்லித் தர்றேன். நாளைக்கு ஏழு மணிக்கு வா, முழங்கால் பட்டை எடுத்துட்டு வா."

நெட்டை என்னைப் பார்த்தான். நான் சரியாக அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.