கடுகு அல்ல, கார்ட்

என் உயரம் 163 சென்டிமீட்டர். பதினைந்து வயதிலேயே வளர்ச்சி நின்றுவிட்டது. கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், என்னைப் பார்க்கும் பெரியவர்களில் ஒருவராவது "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, தம்பி" என்று தோளைத் தட்டாமல் போனதில்லை. ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவன் காதில் அந்தப் பழமொழியின் முற்பாதி மட்டுமே விழும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் மக்ஸி போக்ஸைப் பற்றி யார் பேசினாலும் அது இந்தக் கடுகுக் கதையாகவே முடிந்துவிடுகிறது. 160 சென்டிமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் ஆடியவர், அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகக் குள்ளமானவர், மன உறுதியால் உயரத்தை வென்றவர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவர் 14 பருவங்களில் 889 ஆட்டங்கள் ஆடினார். மன உறுதிக்காக ஒருவருக்கு ஒரு மாதம் சம்பளம் கொடுப்பார்கள். பதினான்கு ஆண்டுகள் கொடுக்கமாட்டார்கள். அவருக்கு ஒரு தொழில் தெரிந்திருந்தது. அந்தத் தொழிலைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

நான் அதைக் கற்றுக்கொண்டது களத்தில் அல்ல, களத்தின் ஓரத்தில் போடப்பட்ட ஒரு மேசையில். அப்பா செந்தூல் ரயில் பணிமனையில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு கூடைப்பந்துக் களம் இருந்தது. கோலாலம்பூரில் கூடைப்பந்து பெரும்பாலும் சீன நண்பர்களின் விளையாட்டு. நம் பிள்ளைகள் காற்பந்துத் திடலுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் எப்படியோ கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். படிவம் இரண்டில் பள்ளி அணிக்குத் தேர்வு நடந்தபோது, பயிற்சியாளர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "நீ ஸ்கோர் எழுது" என்று ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டினார். மூன்று ஆண்டுகள் எழுதினேன். புள்ளிகளை மட்டும் குறித்துக்கொண்டிருப்பது அலுத்துப்போனதால், என் பயிற்சி நோட்டில் தனியாக இரண்டு பத்திகள் கோடு போட்டேன். கூடையில் விழுவதற்கு முன் கடைசியாகப் பந்தைக் கொடுத்தது யார் என்பது ஒன்று, பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தது யார் என்பது மற்றொன்று. அந்த இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கைதட்டல் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அணிக்கு நட்டக் கணக்கு என்பது தெரிந்துவிடும்.

1993ஆம் ஆண்டில் நண்பனின் அண்ணன் தொலைக்காட்சியிலிருந்து பதிவுசெய்த வீடியோ நாடா ஒன்று எங்களுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. அதில்தான் போக்ஸை முதன்முதலாகப் பார்த்தேன். பெட்டாலிங் ஸ்ட்ரீட்டில் வாங்கிய அவருடைய அணியான ஹார்னெட்ஸின் நீலப்பச்சை நிறத் தொப்பியுடன் வீட்டில் போக்ஸ் புராணம் பாடித் திரிந்தபோது, "யாருடா இவன்?" என்று அம்மா கேட்டார். கார்ட் என்றேன். "எந்த பேங்க்ல?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. நம் ஊரில் கார்ட் என்றால் துப்பாக்கியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜாகாதான். யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் பிழையும் இல்லை. பாயிண்ட் கார்ட் என்பவருடைய முதல் வேலை பந்தைப் பத்திரமாக அக்கரை சேர்ப்பது. பிறகுதான் கொடுப்பது, அதற்கும் பிறகுதான் எறிவது.

போக்ஸ் 1965இல் பால்டிமோரில் பிறந்தார். லஃபாயெட் கோர்ட் என்ற அரசுக் குடியிருப்பில் வளர்ந்தார். ஐந்து வயதில் தெருவில் நடந்த ஒரு சம்பவத்தில் துப்பாக்கி ரவைகள் பட்டுக் காயமடைந்தார். பன்னிரண்டு வயதில் தந்தை சிறைக்குப் போனார். இந்த இரண்டையும் நீட்டி முழக்குகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நான் நகர்ந்துவிடுகிறேன். எனக்கு முக்கியமானது டன்பார் உயர்நிலைப் பள்ளி. அங்கே அவர் ஆடிய இரண்டு பருவங்களில் அந்த அணி 59 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. ஒரே பள்ளி அணியிலிருந்து ரெஜி வில்லியம்ஸ், மக்ஸி போக்ஸ், ரெஜி லூயிஸ் என்ற மூவர் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் என்பிஏ தேர்வில், 1987ஆம் ஆண்டு முதல் சுற்றிலேயே, முறையே 4, 12, 22ஆம் இடங்களில் எடுக்கப்பட்டார்கள். அந்த அணியிலிருந்து டேவிட் விங்கேட் என்ற நான்காமவர் முந்தைய ஆண்டே போய்விட்டிருந்தார். ஒரு தெருமுனைக் களத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு எதிரே தினமும் நின்ற சிறுவனுக்கு, உயரத்தைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருந்திருக்காது. அன்றன்றைக்குப் பந்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அவரை எடுத்தது. அதே அணியில் 231 சென்டிமீட்டர் உயரமுள்ள மனூட் போல் இருந்தார். இருவருக்கும் 71 சென்டிமீட்டர் வித்தியாசம். இருவரையும் அருகருகே நிற்கவைத்து எடுத்த படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. மனூட் போலும் நகைச்சுவைப் பொருள் அல்ல, போக்ஸும் அல்ல; ஆனால் அந்தப் படம் இருவரையும் சர்க்கஸ் விளம்பரமாக்கிவிட்டது. மறு ஆண்டே, புதிய அணிகளுக்கு ஆட்களை விட்டுக்கொடுக்கும் தேர்வு நடந்தபோது, புல்லட்ஸ் போக்ஸைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. புதிதாகப் பிறந்த சார்லட் ஹார்னெட்ஸ் எடுத்துக்கொண்டது. அதே தேர்வில் அதே அணிக்கு வந்தவர் டெல் கரி. அவருடைய கைக்குழந்தையின் பெயர் ஸ்டீஃபன்.

அந்த அணி முதல் பருவத்தில் 20 ஆட்டங்களில் வென்று 62இல் தோற்றது. அப்படியிருந்தும் அரங்கம் நிரம்பி வழிந்தது. இனி, அவருடைய தொழிலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

உயரமான ஒருவர் பந்தைத் தட்டும்போது அது தரையில் பட்டு இடுப்பு வரை எழும்ப வேண்டும். கையை விட்டு இறங்கி மீண்டும் கைக்கு வரும் அந்த இடைவெளியில் பந்து யாருக்கும் சொந்தமில்லை. போக்ஸ் தட்டிய பந்துக்கு அந்த இடைவெளி பாதிதான். அது எதிராளியின் முழங்காலுக்குக் கீழேயே போய்வந்துகொண்டிருந்தது. அதைப் பறிக்க வேண்டுமென்றால் இரண்டு மீட்டர் மனிதர் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். குனிந்தவர் நிமிர்வதற்குள் போக்ஸ் அவரைத் தாண்டியிருப்பார். பந்து எதிரணியிடம் இருக்கும்போது நடந்ததும் இதன் மறுபக்கமே. அன்றைய விதிப்படி 10 நொடிக்குள் பந்தை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும், 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும். போக்ஸ் களத்தின் அந்தக் கோடியிலேயே போய் ஒட்டிக்கொள்வார். எதிரணி கார்டின் பந்து மேலெழும் உயரத்தில்தான் அவருடைய கைகள் இயல்பாகவே இருக்கும். யாரும் குனியத் தேவையில்லை. கார்ட் முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பி நடுக்கோட்டை அடைவதற்குள் ஏழெட்டு நொடிகள் கரைந்திருக்கும். அதன் பிறகு ஒரு அணி தன் திட்டத்தை முழுதாக நடத்த முடியாது. இந்தக் கரைந்த நொடிகள் எந்தப் புள்ளிவிவரத் தாளிலும் ஏறுவதில்லை. மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் அவை கண்ணில் படும்.

தாளில் ஏறியவையும் குறைவில்லை. 1989-90 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.7 அசிஸ்ட்கள் (கூடையில் விழுவதற்கு முன் கடைசியாகக் கொடுத்த பந்துகள்), வாழ்நாள் கணக்கில் 6,726 அசிஸ்ட்கள், 1,369 முறை பந்தைப் பறித்தது. சார்லட் அணிக்காக அவர் கொடுத்த 5,557 அசிஸ்ட்கள் இன்றும் அந்த அணியின் உச்சம். ஆனால் என் நோட்டின் இரண்டு பத்திகளை வைத்துப் பார்த்தால், இவற்றையெல்லாம்விட வேறொரு எண்ணுக்கு முன்னால்தான் நான் தொப்பியைக் கழற்றுவேன். அவர் ஒரு முறை பந்தைப் பறிகொடுத்தால், அதற்கு ஈடாக நான்கரைக்கும் மேற்பட்ட அசிஸ்ட்களைக் கொடுத்திருந்தார். ஒன்றுக்கு மூன்று கொடுத்தாலே நல்ல கார்ட் என்பார்கள். எங்கள் பள்ளி அணியில் ஒன்றுக்கு ஒன்று வந்தால் அன்றைக்கு மாமாக் கடையில் தே தாரிக் உண்டு.

பேட்ரிக் யூயிங் எறிந்த பந்தை அவர் தடுத்ததைப் பலர் பெரிதாகப் பேசுவார்கள். 1993 ஏப்ரலில் நடந்த ஆட்டம் அது. யூயிங்கின் உயரம் 213 சென்டிமீட்டர். நடந்தது உண்மைதான். ஆனால் தொழில் முழுவதிலும் அவர் அப்படித் தடுத்தது 39 முறை. 22 ஆட்டத்துக்கு ஒன்றுகூட இல்லாத ஒரு காரியத்தை வைத்து ஒருவரை நினைவில் வைத்திருப்பது, நல்ல சமையல்காரரை அவர் என்றோ வாசித்த மிருதங்கத்துக்காகப் புகழ்வது போன்றது.

அந்த ஆண்டில் எனக்கு மறக்க முடியாதது வேறு. லேரி ஜான்சனும் அலோன்சோ மோர்னிங்கும் வந்து சேர்ந்திருந்ததால், ஹார்னெட்ஸ் 44 வெற்றிகளுடன் முதன்முதலாக இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. முதல் எதிராளி பாஸ்டன் செல்டிக்ஸ். செல்டிக்ஸின் அணித்தலைவர் ரெஜி லூயிஸ், அதாவது டன்பாரில் போக்ஸுடன் ஒரே சீருடையில் ஆடியவர். அங்கே தொடக்க ஐவரில் இடம் கிடைக்காமல் பெஞ்சிலிருந்து வந்து ஆடிய அதே லூயிஸ். ஏப்ரல் 29 அன்று நடந்த முதல் ஆட்டத்தில், யாரும் மோதாமலே அவர் களத்தில் சரிந்து விழுந்தார். சார்லட் அந்தத் தொடரை 3-1 என்று வென்றது. தன் அணியின் முதல் தொடர் வெற்றியை போக்ஸ் அப்படிப்பட்ட ஒரு நிழலில்தான் பெற்றார். ஜூலை 27ஆம் தேதி, பயிற்சிக் களம் ஒன்றில் பந்தை எறிந்துகொண்டிருந்தபோது லூயிஸ் மீண்டும் விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 27. எங்களிடமிருந்த நாடாவில் அந்த முதல் ஆட்டத்தின் சில நிமிடங்கள் இருந்தன. ஜூலைக்குப் பிறகு நண்பன் அந்த இடம் வந்தால் பொத்தானை அழுத்தி ஓட்டிவிடுவான். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்து அவருக்குக் கடைசி வரை கைகூடவில்லை. நூற்றுக்கு 28கூட விழாது. அதனால் எதிரணியினர் அவரைவிட்டு இரண்டடி தள்ளி நின்று, மற்றவர்களுக்குப் போகும் வழியை அடைப்பார்கள். உயரமான கார்டுகள் அவரை முதுகால் தள்ளிக்கொண்டே கூடைக்கு அருகில் போய் அவர் தலைக்கு மேல் எறிவார்கள். 62 கிலோ உடம்பால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, துணைக்கு இன்னொருவர் ஓடிவர வேண்டும். உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஆட்டங்களைப் பார்க்காதவர்கள். உயரம் ஒவ்வொரு இரவும் அவரிடம் வரி வசூலித்தது. வரியைக் கட்டிய பிறகும் கையில் லாபம் நிற்கும்படி அவர் தொழில் செய்தார் என்பதுதான் செய்தி.

அவரை வீழ்த்தியது உயரம் அல்ல, முழங்கால். 1995இல் அறுவைச் சிகிச்சை. அடுத்த பருவத்தில் ஆறே ஆட்டங்கள். 1997 நவம்பரில் சார்லட் அவரை கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு மாற்றிக்கொடுத்தது. பிறகு டொராண்டோ ராப்டர்ஸ். அங்கே பழைய தோழர் டெல் கரியும் வந்து சேர்ந்திருந்தார். 2001க்குப் பிறகு அவர் களத்தில் இல்லை. சார்லட்டில் பெண்கள் அணி ஒன்றுக்குச் சில காலம் பயிற்சியாளராக இருந்தார்.

இந்தத் தொழிலை நான் நேரில், கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, கோலாலம்பூரின் ஜாலான் ஹங் ஜெபாட்டில் உள்ள மாபா கூடைப்பந்து அரங்கத்தில். 2015-16 பருவத்தில் மலேசியா டிராகன்ஸ் அணி ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது. அதன் கார்ட் ஜேசன் பிரிக்மன். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளின் முதல் பிரிவில் ஆயிரம் அசிஸ்ட்களைத் தாண்டிய நான்காவது ஆட்டக்காரர் அவர். நான் ஓரமாக, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பந்து கூடையில் விழும்போதெல்லாம் எழுந்து குதித்தார்கள். நான் பிரிக்மனின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எங்கே போகப் போகிறதோ அந்தப் பக்கம் அவர் பார்வை ஒருமுறைகூடப் போகவில்லை.

போன மாதம் அக்கா மகளுக்கு செந்தூலில் ஓர் ஆட்டம் இருந்தது. பதின்மூன்று வயது, அணியிலேயே குட்டை. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒன்றுதான். எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்க்காதே, முழங்காலைப் பார், பந்து அதற்கு மேலே எழும்பக்கூடாது. வீட்டு வாசல் நடைவழியில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் இருக்கைக்குக் கீழே பந்தைத் தட்டும்படி செய்திருந்தேன். கீழ்மாடி வீட்டுக்காரர் இருமுறை மேலே வந்து போனார். ஆட்டத்தின்போது பழக்கதோஷத்தில் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் வியர்வையோடு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை, மாமா?"

"ரெண்டு" என்றேன்.

அவள் கேட்டது எடுத்த புள்ளிகளை அல்ல, பறிகொடுத்த பந்துகளை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, இரண்டாவது எப்போது போனது என்று ரசீதை வாங்கிப் பார்த்தாள்.