ஓரக்கண்ணுக்குள் அடங்காத 'அஸ்கான்ஸ்'

சென்ற மாதம் ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நிற்கும் அந்நியரை வீட்டுக்கார அம்மாள் 'அஸ்கான்ஸ்' (askance) ஆகப் பார்க்கிறாள் என்று ஓர் இடம் வருகிறது. 'ஓரக்கண்ணால் பார்த்தாள்' என்று எழுதினேன். மறுநாள் படித்தபோது, அவள் அந்த மனிதர்மேல் ஆசை கொண்டுவிட்டதைப் போல அந்த வரி தொனித்தது.

பக்கவாட்டில் நோக்குதல் என்பதுதான் 'அஸ்கான்ஸ்' என்ற சொல்லின் முதற்பொருள். ஆனால் இன்று நம்பாமையோ ஒப்பாமையோ கலந்த பார்வையையே அது பெரிதும் உணர்த்துகிறது. 'லுக்' (look) என்ற வினையோடு சேர்ந்து வினையடையாக வரும். எதைப் பார்க்கிறோமோ அதற்கு முன் 'அட்' (at) வரும். இதைப் பெயரடையாக்கி 'அஸ்கான்ஸ் லுக்' என்று எழுதுவது இன்றைய வழக்கில் அரிது. கோணலாகத் தொங்கும் படத்தைச் சொல்ல உதவும் 'அஸ்க்யூ' (askew) வேறு சொல்.

பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் வழங்கும் இச்சொல்லின் வேர் இன்னும் உறுதிப்படவில்லை. 1667இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் நான்காம் பகுதியில், ஆதாமும் ஏவாளும் தழுவி நிற்பதைக் கண்ட சாத்தான், பொறாமை தாளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர்களை நோக்குவதற்கு மில்டன் இச்சொல்லையே வைத்தார். நேரே பார்க்கவும் மனமில்லை, பாராதிருக்கவும் முடியவில்லை என்ற அந்த நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது என்றே எண்ணுகிறேன்.

தமிழில் கடைக்கண் நடந்து வந்த வழி வேறு. அபிராமி அந்தாதியில் தனமும் கல்வியும் தளர்வறியா மனமும் தருவன அம்மையின் கடைக்கண்களே. குறளின் 110ஆம் அதிகாரமான குறிப்பறிதலில், நேரே நோக்காத தலைவி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவள்போல் தனக்குள் மகிழ்கிறாள். அதற்கு வள்ளுவர் ஆளும் 'சிறக்கணித்தல்' என்ற சொல்லை நாம் வழக்கில் இழந்துவிட்டது எனக்குப் பெரிய வருத்தம். ஆக, ஆங்கிலத்தில் ஐயத்தைக் காட்டும் சாய்ந்த பார்வை, நம்மிடம் அருளையும் காதலையும் சுமந்து நிற்கிறது. ஓரக்கண்ணில் கள்ளத்தனம் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் கள்ளம் பெரும்பாலும் காதலின் பக்கமே சாய்கிறது.

ஐயப்படும் தமிழ்க் கண் பக்கவாட்டில் போவதைவிட மேலும் கீழுமாகப் போவதே மிகுதி. எனவே அவ்வரியை 'அவரை ஏற இறங்கப் பார்த்தாள்' என்று திருத்தினேன். அதே கதையில் பின்னால், ஊரார் ஒரு திருமணத்தை 'அஸ்கான்ஸ்' ஆகப் பார்த்தனர் என்று வருகிறது. அங்கே உண்மையான கண்ணுக்கு வேலையில்லை என்பதால், 'ஊரார் முகம் சுளித்தனர்' என்று எழுதினேன்.