பட்டியலில் இல்லை

"பட்டியல்ல இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

2020இல் ஒரு விசாரணை அதிகாரி, போதைப்பொருள் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என்னிடம் தொலைபேசியில் கேட்டது இது. அவர் கேட்டது தடை செய்யப்பட்ட போதைப்பொருள்களின் அட்டவணையை. "இல்லை சார்" என்றேன். பொய்யில்லை. ஆனாலும் அந்த "இல்லை"யை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிடிபட்ட பையனைக் காவலில் வைத்திருக்கக் காரணம் வேண்டும், நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. அவனிடம் இருந்த பொடியை ஃபென்டனில் ஸ்ட்ரிப்பில் (ஃபென்டனில் என்ற வீரியமான செயற்கை ஓபியாய்டை, அதாவது அபின் போல வேலை செய்யும் பொருளைக் காட்டும் சோதனைத் தாள்) சோதித்துப் பார்த்திருக்கிறார், ஒன்றும் காட்டவில்லை. காட்டவும் காட்டாது, அந்த ஸ்ட்ரிப்புக்கு ஃபென்டனில் குடும்பத்தைத்தான் தெரியும். மூலக்கூறின் நிறையை அளக்கும் எங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 411 என்ற நிறையில் ஓர் அயனி வந்தது. உடைத்துப் பார்த்தால் 100இல் உயரமான பீக், கூடவே 72, 107. தெரிந்த பொருள்களின் பதிவுகள் இருக்கும் லைப்ரரியில் பொருத்தம் இல்லை. என்னோடு வேலை பார்த்த இளைஞன், தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன், திரையைப் பார்த்ததுமே சொன்னான்: "மேடம், இது நிட்டசீன். ஐசோடோனிட்டசீனாத்தான் இருக்கும்."

"புரோட்டோவா இருந்தா?" என்றேன். நிட்டசீன் என்பது இன்னொரு செயற்கை ஓபியாய்டுக் குடும்பம்; ஐசோடோனிட்டசீன், புரோட்டோனிட்டசீன் இரண்டும் அதைச் சேர்ந்தவை.

கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டுக்கும் நிறை ஒன்று, உடையும் துண்டுகளும் ஒன்று. மூன்று கார்பன் நேராக நிற்கிறதா கிளைத்து நிற்கிறதா என்பது மட்டுமே வித்தியாசம். ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்ட், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் தூய மாதிரி, வரவழைத்து, ஒரே முறையில் இரண்டையும் ஓட்டி, கருவியிலிருந்து வெளிவரும் நேரத்தை ஒப்பிட்டால்தான் பெயர் எழுதலாம். ஊகித்து எழுதிய பெயரை நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. இதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

என்னைக் குடைவது வேறு. சட்டத்துக்கு இந்தக் குடும்பத்தை முன்பே தெரியும். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன வேதியியலாளர்கள் 1950களில் செய்து பார்த்து, மருந்தாக வெளிவராமலே நின்றுபோன பொருள்கள் இவை. மூத்தவன் எட்டோனிட்டசீன், விலங்குச் சோதனைகளில் மார்ஃபினைவிட ஏறக்குறைய 1,000 மடங்கு வீரியம் காட்டியது. போதைப்பொருள்களுக்கான 1961 ஐ.நா. ஒற்றை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் அதன் பெயர் தொடக்கத்திலேயே ஏறிவிட்டது. அதில் எத்தாக்ஸி என்ற அணுத்தொகுதி இருக்கும் இடத்தில் ஐசோபுரோபாக்ஸி வைத்தால் ஐசோடோனிட்டசீன். கூடுதல் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். அந்த ஒரு கார்பனைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் "இல்லை" என்றேன்.

"அப்ப விட்டுடலாமா?" என்று கேட்டார்.

"அதை நான் சொல்லக்கூடாது சார்."

வைத்துவிட்டார். "ஆனா சார், இது ரொம்ப ஆபத்தானது, வெறுங்கையால தொடாதீங்க" என்று சொன்னதாகவே பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். தம்பி பக்கத்திலேயே இருந்தான். நான் அப்படிச் சொல்லவில்லை என்கிறான்.

அறிக்கையில் "அட்டவணையில் உள்ள பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். படிவத்தில் இருந்த வாசகமே அதுதான். அன்று மாலை தம்பி ஒரு பக்கக் குறிப்பு எழுதி வந்தான், அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அனுப்ப. புதிய ஓபியாய்டு உலவுகிறது, ஸ்ட்ரிப்பில் தெரியாது, ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் ஒரு டோஸில் மூச்சு திரும்பாவிட்டால் மீண்டும் கொடுங்கள், நோயாளியைச் சீக்கிரம் அனுப்பிவிடாதீர்கள். நான்கே வரி. "ஸ்டாண்டர்ட் வரட்டும் தம்பி" என்று வாங்கி வைத்தேன். எச்சரிப்பதற்கு ஐசோவா புரோட்டோவா என்று தெரிந்திருக்கவே தேவையில்லை. அது அப்போதே எனக்குத் தெரியாமலா இருந்தது?

ஸ்டாண்டர்ட் வர ஏழு வாரம் ஆனது. அதற்குள் ஓர் இரத்த மாதிரி வந்தது, இறந்தவருடையது. அதே 411, அதே 100. தேதியை எண்ணிப் பார்த்தேன். அந்தத் தொலைபேசிக்குப் பத்தொன்பதாம் நாள். அதே பொடிதானா என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. குறிப்பு போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொல்ல முடியாது; அவர் மருத்துவமனைக்கே போய்ச் சேரவில்லை. இதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். பாதி நாள் தேறுவதில்லை.

வியன்னாவில் ஐ.நா. ஆணையம் ஐசோடோனிட்டசீனை முதல் அட்டவணையில் சேர்த்தது 2021இல். ஒவ்வொரு பெயராகத் துரத்துவதைவிடக் குடும்பத்தையே தடை செய்ய வேண்டும் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். சீனா 2019 மே மாதம் ஃபென்டனில் வகை முழுவதையும் அப்படித்தான் கட்டுக்குள் கொண்டுவந்தது. பிரிட்டன் 2025 ஜனவரியில் நிட்டசீன்களுக்குப் பொது வரையறை போட்டது. பேசிவிட்டு வந்து உட்கார்ந்தால் எனக்கே சந்தேகம். ஃபென்டனில் கதவு மூடிய அதே ஆண்டில்தான் ஐசோடோனிட்டசீன் தலைகாட்டியது. குடும்பத்தில் வீரியமே இல்லாத மூலக்கூறும் இருக்கும், அதை வைத்திருந்தவரும் குற்றவாளியாவார். தடை வந்த பிறகு ஸ்டாண்டர்ட் வாங்கவும் உரிமம் வேண்டும்; ஏழு வாரம் இன்னும் நீளும். இருந்தாலும் அப்படியொரு வரையறை அன்று இருந்திருந்தால் என் பதில் "இருக்கு சார்" என்றிருக்கும். அந்தப் பையன் சிறைக்குப் போயிருப்பான். அவனுக்கு என்ன விற்கிறோம் என்று தெரிந்திருக்குமா என்பதையும் யோசிக்கிறேன்.

படிவத்தின் அந்த வாசகத்துக்குக் கீழே இப்போது நான் ஒரு வரி சேர்க்கிறேன்: அட்டவணையில் இல்லாத, உயிருக்கு ஆபத்தான பொருள் இருக்கக்கூடும். அது என் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மறுபடி சேர்த்து அனுப்பினேன்.

அன்று ஸ்டாண்டர்ட் வந்ததும் இரண்டையும் ஓட்டினோம். நேரம் அப்படியே பொருந்தியது. ஐசோதான். முதல் நாள் தம்பி சொன்ன பெயர். அவன் எதுவும் பேசவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அந்த நான்கு வரியை எடுத்து அவனிடமே கொடுத்தேன்.